களிமண் பிள்ளையாரும் மூவர்ணக் கொடியும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலை வாயில்களிலே ஆகஸ்டு 15ஆம் நாள் காலையில் மிட்டாயும் கைதட்டலுமாக ஏற்றப்படும் மூவர்ணக் கொடி, உருக்காலைப் புகையையும், பழவேற்காட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்றையும், ஆவணி மாதத்துச் சாயங்கால மழையையும் சில வாரங்கள் தாங்கிவிட்டு, ஓரம் நைந்து, காவி வெளுத்து, வெள்ளையில் கரி படிந்து தொங்கத் தொடங்கும்போது, அதை இறக்கி என்ன செய்வது என்ற ஐயம் வாயிற்காவலர் முதல் மேலாளர் வரை யாருக்கேனும் தோன்றவே செய்கிறது. குப்பையில் எறியலாகாது, இயந்திரம் துடைக்கும் துணியாக்கலாகாது, கிழிசலோடு பறக்க விடுவதும் பிழை. 2002ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதித்தொகுப்பு இதற்குத் தெளிவான விடை வைத்திருக்கிறது. பயன்படாத நிலைக்கு வந்த கொடியைப் பிறர் பார்வை படாத தனியிடத்தில் முழுமையாக அழித்துவிட வேண்டும் என்றும், அதற்கு உகந்த முறை எரிப்பதே என்றும் அது சொல்கிறது.

அதே கொடியை அதே காவலர், அதே தீக்குச்சியைக் கிழித்து, மதிலுக்கு வெளியே ஜி.என்.டி. சாலையோரத்தில் நாலு பேர் காணக் கொளுத்துவாரானால், 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறையில் இருக்க நேரிடும். துணியும் ஒன்று, தீயும் ஒன்று, மிஞ்சும் சாம்பலும் ஒன்றே. வேறுபடுவன செய்தவருடைய மனோபாவமும், கண்டவர்கள் அதிலிருந்து கொள்ளும் பொருளுமே. ஆகவே சட்டம் தண்டிப்பது, உள்ளபடி பார்த்தால், ஒரு கெஜத் துணியின் நாசத்தை அன்று. அந்த நாசத்தின் வாயிலாகப் பகிரங்கமாகச் சொல்லப்பட்ட ஒரு செய்தியைத்தான். அச்செய்தி வெறுக்கத்தக்கது என்று பெரும்பாலோர் கருதக்கூடும். நானும் அவர்களுள் ஒருவன். ஆயினும் அது ஒரு செய்தி, ஓர் அபிப்பிராயத்தின் வெளிப்பாடு என்பதை முதலில் ஒப்புக்கொள்ளாமல், பேச்சுச் சுதந்திரத்துக்கும் புனிதச் சின்னங்களுக்கும் இடையே நம் நாட்டில் எழுபது ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கை விளங்கிக்கொள்ள முடியாது.

நமது அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் பேச்சு, கருத்து வெளியீட்டு உரிமையை வழங்கிவிட்டு, எந்தெந்தக் காரணங்களுக்காக அதன்மீது நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்பதையும் அதன் இரண்டாம் உட்பிரிவில் வரையறுத்திருக்கிறது. நாட்டின் இறைமையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்பு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் ஆகியவை அதில் உள்ளன. ஊன்றிப் படிப்பவர்கள் அந்தப் பட்டியலில் மதம் என்ற சொல்லும் இல்லை, தேசிய கௌரவம் என்ற சொல்லும் இல்லை என்பதைக் காண்பார்கள். கொடியையும் தேசிய கீதத்தையும் மதிப்பது குடிமக்களின் கடமை என்று கூறும் 51அ பிரிவு 1976இல் வந்து சேர்ந்ததே. மத உணர்ச்சியைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கும், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு செல்லுமா என்ற கேள்வி 1957இல் ராம்ஜிலால் மோடி வழக்கில் எழுந்தபோது, உச்ச நீதிமன்றம் அதைப் பொது ஒழுங்கு என்னும் கூரையின் கீழ் கொண்டுவந்துதான் காப்பாற்றியது.

அந்த 295ஏ பிரிவின் பிறப்பையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். நபிகள் நாயகத்தை இழிவுபடுத்தும் நூலொன்றை வெளியிட்ட ராஜ்பால் என்ற பதிப்பாளரை, அப்போதிருந்த சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று லாகூர் உயர் நீதிமன்றம் 1927இல் விடுதலை செய்தது. அதனால் மூண்ட கிளர்ச்சியைத் தணிக்க அதே ஆண்டில் அரசினர் இப்பிரிவைப் புகுத்தினர். சட்டம் வந்தும் 1929இல் ராஜ்பால் கொலையுண்டார். அதற்கு முன்பே இருந்த 295ஆவது பிரிவோ, எழுத்தையும் பேச்சையும் அன்றி, வழிபாட்டிடத்தையோ ஒரு வகுப்பார் புனிதமாகக் கருதும் பொருளையோ அவமதிக்கும் எண்ணத்தோடு சேதப்படுத்துவதைக் குற்றமாக்குவது. இவ்விரண்டும் 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 299, 298 என்ற எண்களோடு தொடர்கின்றன. எண் மாறியதே தவிரச் சரக்கு மாறவில்லை.

இந்தப் பிரிவுகளின் ஆழத்தை இந்தியாவிலேயே மிகக் கூர்மையாகச் சோதித்துப் பார்த்தது நம் திருச்சிராப்பள்ளி டவுன்ஹால் மைதானமாகும். 1953 மே 27ஆம் நாள், புத்தர் பிறந்த நாளென்று தேர்ந்தெடுத்து, ஈ.வெ.ரா. பெரியார் பிள்ளையார் உருவங்களை உடைக்கும் கிளர்ச்சியை நடத்தினார். கோயிலுக்குள் இருக்கும் எந்த விக்கிரகத்தையும் எவரும் தொடக்கூடாது, தாமே மண்ணில் செய்த உருவத்தையோ காசு கொடுத்து வாங்கிய உருவத்தையோதான் உடைக்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. அவ்வண்ணமே மைதானத்தில் ஒரு மண் பிள்ளையார் உடைக்கப்பட்டது. அதனால் மனம் புண்பட்ட ஒருவர் 295, 295ஏ பிரிவுகளின் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுத்தார்.

மண் பிள்ளையாரை நம்மில் அறியாதார் யார்? ஆவணிச் சதுர்த்தியன்று காலையில் கடைத்தெருவில் குயவர் மர அச்சுக்குள் ஈரக் களிமண்ணை அழுத்தித் தட்டி எடுக்கிறார். கண்ணுக்கு இரண்டு குன்றிமணியைப் பதிக்கிறார். வாங்குகிறவர் பேரம் பேசி, மூக்கு மழுங்கியதை ஒதுக்கி, வேறொன்றைத் தட்டில் வைத்து, வண்ணக் காகிதக் குடை செருகி வீட்டுக்குக் கொண்டுபோகிறார். மனைமீது அமர்த்தி எருக்கமாலை சூட்டியதும் அது தெய்வம். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ அதே கைகள் அதைக் கிணற்றில் இட்டுக் கரைக்கின்றன. ஒதுக்கப்பட்ட மழுங்கல் மூக்குப் பிள்ளையாரைக் குயவர் மறுபடி பிசைந்து அச்சிலிடுகிறார். ஒருவரும் அதை நிந்தையென்று சொல்வதில்லை. இந்த மண் எந்தக் கணத்தில் புனிதமாகிறது, எந்தக் கணத்தில் மீண்டும் மண்ணாகிறது என்பதைப் பக்தர்கள் அறிவார்கள். சட்டப் புத்தகத்தில் அதற்கு இடமில்லை.

அதனால்தான் திருச்சி மாஜிஸ்திரேட், அந்த உருவம் எவராலும் புனிதமாகப் போற்றப்பட்ட பொருளன்று என்று கூறிப் புகாரைத் தள்ளினார். செஷன்ஸ் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் அதே முடிவுக்கு வந்தன. ஆனால் 1958 ஆகஸ்டு 25ஆம் நாள், வீரபத்திரன் செட்டியார் எதிர் ஈ.வெ. ராமசாமி நாயக்கர் என்று சட்டப் புத்தகங்களில் இடம்பெற்றிருக்கும் அவ்வழக்கில், உச்ச நீதிமன்றம் நீதிபதி பி.பி. சின்ஹாவின் வாயிலாக வேறுவிதமாகச் சொல்லிற்று. ஒரு பொருள் எத்துணை அற்பமானதாயினும், தன்னளவில் ஒரு மதிப்பும் இல்லாததாயினும், ஒரு வகுப்பார் அதைப் புனிதமென்று கருதுவாராயின் அது சட்டத்தின் காவலுக்கு உரியது. அது கோயிலில் பிரதிஷ்டை செய்யப்பட்டதாகவோ நாள்தோறும் பூசை பெறுவதாகவோ இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த நம்பிக்கை அறிவுக்குப் பொருந்துமா என்று ஆராய்வதும் நீதிமன்றத்தின் வேலையன்று என்பது தீர்ப்பின் சாரம். இப்படிச் சட்டத்தை விரித்துரைத்த நீதிபதிகள், குற்றம் சாட்டப்பட்ட செயல் மெய்யானால் அது மடமையானது என்று ஒரு குட்டும் குட்டிவிட்டு, விஷயம் பழையதாகிவிட்டபடியால் மேல் விசாரணை வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். உச்ச நீதிமன்றத்தில் பெரியார் தரப்பில் யாரும் ஆஜராகவே இல்லை. சட்டம் புகார்தாரர் பக்கம் நிற்க, தண்டனையோ ஒருவருக்கும் இல்லாமல் முடிந்த விசித்திரமான வெற்றி அது.

இத்தீர்ப்பில் ஒரு பெருந்தன்மை இருக்கிறது. பெரிய ஆலயமுள்ளவனுடைய கடவுளுக்கு ஒரு நீதி, வேப்பமரத்தடியில் செங்கல் நட்டுக் கும்பிடுகிறவளுடைய கடவுளுக்கு ஒரு நீதி என்று அது பாகுபடுத்தவில்லை. ஆயினும் அதனுள் ஓர் அபாயமும் இருக்கிறது. புனிதம் என்பது காண்பவர் மனத்தில்தான் இருக்கிறதென்றால், குற்றத்தின் எல்லையும் அவர் மனத்தைப் பொறுத்தே விரியவோ சுருங்கவோ தொடங்கும். மனம் எளிதில் புண்படுகிறவருக்குச் சட்டம் நீண்ட கையையும், பொறுமைசாலிக்குக் குறுகிய கையையும் கொடுத்துவிடும். இலங்கையில் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிந்திய கொந்தளிப்பில், உடையில் தர்மசக்கரம் அச்சிட்டிருந்ததாக ஒரு முஸ்லிம் பெண்ணைப் போலீசார் கைது செய்தனர். அவர் வாரக்கணக்கில் காவலில் இருந்தார். உடையில் இருந்ததோ கப்பலின் சுக்கான் சக்கரம். பின்னர் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று தீர்ப்பளித்தது.

நம் நாட்டில் இந்த அபாயத்துக்கு ஓரளவு வேலியிட்ட தீர்ப்பும் தமிழ்நாட்டு விஷயத்திலேயே பிறந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்த் திரைப்படம் இட ஒதுக்கீட்டைக் குறை கூறுகிறதென்று அதன் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, பேச்சுக்கும் கலவரத்துக்கும் இடையேயுள்ள தொடர்பு எங்கோ தொலைவில் ஊகிக்கப்படுவதாக இருக்கலாகாது, வெடிமருந்தில் விழும் பொறிபோல நேரானதாக இருக்க வேண்டும் என்றும், கூட்டம் மிரட்டுகிறது என்பதற்காக அரசாங்கம் கை விரிக்கக்கூடாது என்றும் கூறிற்று. இதைப் படித்த காவல் நிலையங்கள் எத்தனை என்பது வேறு விஷயம்.

பிள்ளையாரை விட்டு இனி தேசத்துக்கு வருவோம். அரசியல் சட்டத்தை முதலில் கொளுத்துகிறவன் அதை எழுதிய நானாகவே இருப்பேன் என்ற பொருள்பட அம்பேத்கரே 1953 செப்டம்பரில் மாநிலங்களவையில் பேசியது பலருக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. 1927 டிசம்பர் 25இல் மகாடில் மனுஸ்மிருதியைத் தீயிலிட்டவர் அவர். எரிப்பது என்பது எதைச் சொல்லும் என்று அவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவர் வாயளவில் சொன்னதைப் பெரியார் கையால் செய்யப் புறப்பட்டார். 1955இல், இந்தித் திணிப்பை எதிர்த்து ஆகஸ்டு முதல் நாளில் தேசியக் கொடியை எரிப்பதென்று அவர் அறிவித்திருந்தார். இந்தி திணிக்கப்படாது என்று முதலமைச்சர் காமராஜர் உறுதி கூறவே அதை ஒத்திவைத்தார். கொளுத்தப்படாத அந்தக் கொடி, கொளுத்தப்பட்ட பல பொருள்களைக் காட்டிலும் அதிகமாகச் சாதித்தது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1957இல் ஒத்திவைப்பு இல்லை. நவம்பர் 3ஆம் நாள் தஞ்சாவூரில் கூடிய திராவிடர் கழகத் தனி மாநாடு, சாதியையும் அதற்கு அரணான மத உரிமைகளையும் பாதுகாப்பதாகத் தான் கருதிய அரசியல் சட்டப் பிரிவுகளை, அச்சட்டம் ஏற்கப்பட்ட நாளான நவம்பர் 26இல் நாடெங்கும் எரிப்பதென்று தீர்மானித்தது. அப்போது ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. விலை கொடுத்து வாங்கிய அச்சுப் புத்தகம் ஒன்றை எரிப்பது குற்றமென்று நாட்டின் எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. எனவே சென்னை அரசு, தேசிய கௌரவ அவமதிப்புத் தடைச் சட்டம் என்ற புதிய சட்டத்தைச் சட்டமன்றத்தில் கொணர்ந்து, குறித்த நாளுக்கு முன்பே அவசரமாக நிறைவேற்றிற்று. கொடியையும் அரசியல் சட்டத்தையும் மகாத்மாவின் உருவங்களையும் காக்கப் பிறந்த அச்சட்டத்தில் தண்டனை மூன்றாண்டு வரை. பின்னால் 1971இல் நாடாளுமன்றம் நாடு முழுமைக்கும் இயற்றிய சட்டத்துக்கு முன்னோடி, ஆக, தலைநகர் சென்னையில், தஞ்சாவூர்த் தீர்மானம் ஒன்றுக்குப் பதிலாகச் செய்யப்பட்டதேயாகும்.

பெரியாரை முன்னதாகவே கைது செய்தார்கள். இருந்தும் நவம்பர் 26இல் தீ எரிந்தது. கழகத்தாரின் கணக்குப்படி ஏறத்தாழ மூவாயிரம் பேர் கைதானார்கள். வக்கீல் வைத்து வாதாடுவதில்லை, செய்ததை ஒப்புக்கொண்டு சிறை செல்வதே என்ற கட்டுப்பாட்டின்படி, உழவரும் கூலிக்காரரும் சிறு வியாபாரிகளுமான அவர்கள் கூண்டில் நின்று, ஆம் எரித்தேன் என்று சொல்லிவிட்டு ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை பெற்றுக்கொண்டார்கள். பட்டுக்கோட்டை இராமசாமியும் மணல்மேடு வெள்ளைச்சாமியும் திருச்சி சிறையில் இறந்தனர். சிறைக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்ட உடல்களைப் பெரியாரின் துணைவியார் மணியம்மையார் அரசினரிடம் முறையிட்டு வெளியே கொணர்வித்து, திருச்சித் தெருக்களில் ஊர்வலமாக எடுத்துச் சென்றார். எரித்தவர்களின் நோக்கத்தோடு உடன்படாதவரும் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்கக் கடமைப்பட்டவர். கடையில் மறுநாளே வாங்கக்கூடிய ஒரு நூலின் சில தாள்களுக்கு ஈடாக ஒரு மனிதனின் ஆயுளில் மூன்று வருஷத்தைக் கேட்பது எந்தத் தராசில் சரியாகும்? நூல் அழியவில்லை, அதன் பிரிவுகளில் ஒரு எழுத்தும் குறையவில்லை, அவற்றைத் திருத்தும் அதிகாரம் பெற்ற நாடாளுமன்றமும் இருந்தது. எரிக்கப்பட்டதெல்லாம் அந்த நூலின்மீது நாம் வைத்திருந்த மரியாதை என்றால், மரியாதை சிறைக்கதவால் வளருமா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

அதற்கப்புறம் எரிக்கும் பழக்கம் நம் அரசியலில் சாமானியமாகிவிட்டது. ஆட்சிமொழி பற்றிய பதினேழாம் பகுதியை எரிக்கப் புறப்பட்ட அண்ணா 1963 நவம்பரில் கைதாகி ஆறு மாதத் தண்டனை பெற்றார். மூன்றரை ஆண்டுக்குள் அதே அரசியல் சட்டத்தின்மீது உறுதிமொழி கூறி முதலமைச்சரானார். 1986இல் அதே பகுதியை எரித்த தி.மு.க. உறுப்பினர்கள் பத்துப் பேர், க. அன்பழகன் உட்பட, பி.எச். பாண்டியன் பேரவைத் தலைவராக இருந்த சட்டமன்றத்தில் பதவியிழந்தனர்.

1971ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிப் பலர் அறியாத ஒன்று, அதனுள்ளேயே பேச்சுச் சுதந்திரத்துக்கு ஒரு சாளரம் வைத்திருக்கிறார்கள் என்பது. அரசியல் சட்டத்தையோ கொடியையோ அரசின் நடவடிக்கையையோ, சட்டபூர்வமான வழியில் மாற்றம் தேடிக் குறைகூறுவது குற்றமாகாது என்று அதன் விளக்கமே சொல்கிறது. அதாவது, இந்தக் கொடி வேண்டாம், வேறு கொடி வேண்டும் என்று கும்மிடிப்பூண்டி பஸ் நிலையத்தில் மேடை போட்டு ஒருவர் இரவெல்லாம் பேசலாம். கிழித்துக் காட்டத்தான் கூடாது. வாயால் சொல்வதற்கும் கையால் சொல்வதற்கும் நடுவே நம் சட்டம் கோடு கிழித்திருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989இல், டல்லஸ் நகரில் கொடி எரித்த ஒருவரின் வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற நூலிழைப் பெரும்பான்மையால் அந்தக் கோட்டை அழித்தது. டென்மார்க்கோ எதிர்த் திசையில் சென்று, 2017இல் தெய்வ நிந்தனைச் சட்டத்தை நீக்கியும், குர்ஆன் எரிப்புகள் பெருகவே, 2023 டிசம்பரில் மத நூல்களை இழிவுபடுத்துவதைத் தடுக்கும் புதுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. உலகம் இதில் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. வரும் என்றும் தோன்றவில்லை.

நம் நீதிமன்றங்கள் அந்தக் கோட்டை அழிக்காமலே அதன் கடுமையைக் குறைக்க முயன்றிருக்கின்றன. தேசிய கீதத்துக்கு எழுந்து நின்று, தம் மதக் கொள்கைப்படி வாய் திறந்து பாடாமல் இருந்த கேரளத்துப் பள்ளிக் குழந்தைகள் மூவரை வெளியேற்றியது தவறு என்று 1986இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி தீர்ப்பளித்தார். 2013ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் கோயம்புத்தூரில், மூவர்ணத்தில் இந்திய வரைபடமும் அசோக சக்கரமும் தீட்டிய ஆறடிக்கு ஐந்தடிக் கேக்கை வெட்டி விருந்தினருக்கு வழங்கியதற்காக வழக்கு வந்தபோது, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் அதை ரத்து செய்தார். சுதந்திர தின விழாவில் சட்டையில் குத்திய காகிதக் கொடி மறுநாள் குப்பைக் காகிதமாகிவிடுகிறதே, விழாவுக்கு வந்தவரெல்லாம் குற்றவாளிகளா என்ற கருத்தில் அவர் எழுப்பிய கேள்வி, அதிகப்படியான தேசபக்திக்கு வைத்த நல்ல மருந்து.

இத்தனை வழக்குகளிலும் ஒரே கேள்விதான் சுற்றிவருகிறது: சின்னத்துக்குத் தீங்கு செய்தவன் யார்? சின்னத்தை எடுத்துப் பேச வந்தவனைத் தடுத்தவன் யார் என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. அதற்கும் ஒரு தீர்ப்பு உண்டு. நவீன் ஜிண்டால் என்ற தொழிலதிபர் ராய்கரில் இருந்த தம் ஆலையில் நாள்தோறும் கொடி பறக்கவிட்டதை அதிகாரிகள் தடுத்தார்கள். அக்காலத்தில் சாதாரணக் குடிமக்கள் சில குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே கொடியேற்றலாம். 2004 ஜனவரி 23இல் உச்ச நீதிமன்றம், மரியாதையோடு கொடியேற்றுவது 19ஆம் பிரிவு தரும் கருத்து வெளியீட்டு உரிமையின் ஒரு கூறு என்று அறிவித்தது. சிப்காட் ஆலைகளில் எல்லா நாளும் கொடி பறக்கலாம் என்பது இப்படி வந்த உரிமையே. கொடியை எரிப்பது ஒரு பேச்சு என்றால், ஏற்றுவதும் ஒரு பேச்சு; பேச்சுக்கென ஏற்படுத்திய காவல் முழுவதும் அதற்கும் பொருந்தும்.

இந்தத் தொழிற்பேட்டையை அடுத்து, கும்மிடிப்பூண்டி ஒன்றியத்துக்குள்ளேயே, ஆத்துப்பாக்கம் என்றோர் ஊராட்சி இருக்கிறது. 2019 டிசம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் அதன் தலைவராகப் பட்டியல் சாதியைச் சேர்ந்த அமிர்தம் என்னும் அம்மையார் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2020 ஆகஸ்டு 15 அன்று ஊர்ப் பள்ளியில் கொடியேற்றும் உரிமை ஊராட்சித் தலைவர் என்ற முறையில் அவருக்கு உரியதாயிருக்க, அவரை ஏற்றவிடாமல் தடுத்துவிட்டார்கள். அவ்வாண்டுக் குடியரசு நாளிலும் தமக்கு அதே கதிதான் நேர்ந்ததென்று அவர் சொன்னார். செய்தி வெளியே பரவவே, ஆகஸ்டு 20ஆம் நாள் திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர் மகேஸ்வரி ரவிக்குமாரும் காவல் கண்காணிப்பாளர் அரவிந்தனும் நேரில் வந்து, அவர் கையால் கொடியேற்றச் செய்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி வழக்குப் பதிவாகிக் கைதும் நடந்தது.

கொடியேற்றும் சடங்கை அருகில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கொடியை நாலாய் எட்டாய் மடித்து, உள்ளே ரோஜா இதழும் சாமந்தி இதழும் வைத்து, உருவு சுருக்காக முடிச்சிட்டு, உச்சிக்கு முன்கூட்டியே ஏற்றி வைத்திருப்பார்கள். தலைவர் செய்ய வேண்டியது கயிற்றை ஒருமுறை சுண்டி இழுப்பது. முடிச்சு அவிழும், பூ உதிரும், துணி விரியும். ஐந்து விநாடி வேலை. அந்த ஐந்து விநாடியைத்தான் ஓர் ஊரின் பெரிய மனிதர்கள் ஒரு பெண்ணிடமிருந்து பறித்துக்கொண்டார்கள். ஏனென்றால் அந்தக் கயிற்றை இழுப்பவர் இவ்வூருக்குத் தலைவர் என்று சொல்லாமல் சொல்கிறார். அவர்களுக்குக் கொடியின்மீது வெறுப்பு இருந்ததாக ஒருவரும் சொல்லவில்லை. துணியில் ஒரு நூல் பிரியவில்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தை வரி வரியாகத் தேடினாலும் இந்தச் செயலுக்குப் பிரிவு கிடையாது. அச்சட்டத்தை 2003இலும் 2005இலும் திருத்தியபோது, இடுப்புக்குக் கீழே கொடியை உடுத்தலாகாது, தலையணையிலும் கைக்குட்டையிலும் உள்ளாடையிலும் அச்சிடலாகாது என்றெல்லாம் நினைவாகச் சேர்த்தவர்களுக்கு, குடிமகளின் கையைக் கயிற்றிலிருந்து விலக்குவதும் கொடிக்கு இழிவுதான் என்று தோன்றவில்லை.

வேறு சட்டம் அதைக் கண்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில், பட்டியல் சாதி, பழங்குடியினரான ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ அவருடைய கடமையைச் செய்யவிடாமல் தடுப்பது தனிக் குற்றமாகவே எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சட்டம் கொடியைப் பார்க்கவில்லை, மனிதரைப் பார்த்தது. சின்னங்களைக் காக்கும் சட்டங்களைக் காட்டிலும் இதையே நான் பெரிதாக மதிக்கிறேன். களிமண்ணையும் துணியையும் காகிதத்தையும் பற்றிய வழக்குகளில் புண்பட்டது எது என்று தேடித் தேடி நீதிபதிகள் களைத்துப் போகிறார்கள். இங்கே புண்பட்டவர் எதிரில் நிற்கிறார், பெயர் சொல்கிறார், என்ன பறிபோயிற்று என்றும் சொல்கிறார். ஆத்துப்பாக்கம் தனி ஊரும் அன்று. அதே 2020ஆம் ஆண்டு அக்டோபரில் சிதம்பரத்துக்கு அருகே தெற்குத்திட்டை ஊராட்சியின் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் நாடெங்கும் பரவிற்று. 2022 ஆகஸ்டில், சுதந்திரப் பவள விழா நெருங்கிய சமயம், தலைமைச் செயலாளர் இறையன்பு, பட்டியல் சாதித் தலைவர்கள் பாகுபாடின்றிக் கொடியேற்றுவதை உறுதி செய்யுமாறு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

கும்மிடிப்பூண்டியில் இந்த விஷயத்துக்கு இன்னொரு முனையும் உண்டு. இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பல ஆண்டுகளாக வசிக்கும் முகாம் இங்கே இருக்கிறது; அகதிகள் முகாம் என்று அழைக்கப்பட்டது 2021 முதல் மறுவாழ்வு முகாம் என்று அழைக்கப்படுகிறது. முகாமிலேயே பிறந்து, இங்கேயே படித்து, சிப்காட் ஆலைகளுக்கே வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 1987 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாக இருந்தாலன்றிப் பிறப்பால் குடியுரிமை இல்லை. கொடியை அவமதித்தால் தண்டிக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டமோ, எவரேனும் அவமதித்தால் என்றே தொடங்குகிறது. குடிமகன், குடிமகனல்லாதவன் என்று பார்ப்பதில்லை. ஆனால் கொடியேற்றும் உரிமையைத் தன்னுள் அடக்கிய 19ஆவது பிரிவு, எல்லாக் குடிமக்களுக்கும் என்றே தொடங்குகிறது. ஆத்துப்பாக்கத்துத் தலைவருக்குச் சட்டத்தில் இருந்து ஊரில் மறுக்கப்பட்ட அந்தப் பேச்சு, அதே ஒன்றியத்து முகாமில் பிறந்த இளைஞருக்குச் சட்டத்திலேயே தரப்படவில்லை. கொடியைக் கிழித்தால் வரும் மூன்றாண்டு மட்டும் இருவருக்கும் பொதுவாக இருக்கிறது.